சின்னக் குழுவோடு எகிப்து: நின்று பார்க்க நேரம் கிடைக்கிற மாதிரிப் போய்வருவது எப்படி

எகிப்துக்கு இரண்டு தடவை போய்வந்திருக்கிறேன். முதல் தடவை நாற்பது பேர் கொண்ட பஸ், இரண்டாம் தடவை பத்துப் பேரும் ஒரு கைடும். பார்த்த இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் முதல் பயணத்தில் மனதில் தங்கியதெல்லாம் பஸ்ஸில் ஏறியதும் இறங்கியதும் தலை எண்ணியதும்தான். லக்சர் நகரில் உள்ள கர்னாக் கோயிலின் பெரிய மண்டபத்தில் 134 தூண்கள், நடுவரிசையில் இருப்பவை 21 மீட்டர் உயரம், அந்தக் காட்டுக்குள் நாங்கள் நின்றது கால் மணி நேரம் இருந்தால் அதிகம். இரண்டாவது தடவை அதே மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். கைடு எங்களை வடக்குப் பாதியில் ஒரு சுவர் முன்னால் நிறுத்தினார், அப்புறம் தெற்குப் பாதிக்குக் கூட்டிப்போய் இன்னொரு சுவரைக் காட்டினார். முதல் சுவரில் உருவங்கள் கல்லிலிருந்து மெல்ல மேலெழும்பி நிற்கின்றன, முதலாம் சேத்தி என்ற ராஜாவின் காலத்து வேலை. இரண்டாவதில் உருவங்கள் கல்லுக்குள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன, அவருடைய மகன் இரண்டாம் ராம்செஸ் காலத்து வேலை. மேலெழும்பச் செதுக்க வேண்டுமானால் உருவத்தைச் சுற்றியுள்ள கல் முழுவதையும் சீவி எடுக்க வேண்டும். உள்ளே வெட்டுவது சீக்கிரம் முடியும், வெயிலில் நிழல் ஆழமாக விழுவதால் தூரத்திலிருந்தும் தெரியும், பின்னால் வருகிற ராஜா சுலபமாக அழித்துவிடவும் முடியாது. அப்பா எப்படி, மகன் எப்படி என்று அந்த இரண்டு சுவர்களே சொல்லிவிடுகின்றன.

சின்னக் குழுவுக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பது இதற்குத்தான். வசதியான ஹோட்டலுக்காக அல்ல, ஒரு சுவரின் முன்னால் நிற்கிற நேரத்துக்காக. அந்த நேரம் பல வழிகளில் கரைந்துபோகும். அதைக் கரையவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால்

‘சின்னக் குழு’ என்று விளம்பரத்தில் போட யாரும் அளவு வைக்கவில்லை. சிலருக்கு அது 8 பேர், சிலருக்கு 24 பேர். என் கணக்கில் 12 பேர் வரை சரி. ஒரே வேனில் அடங்கலாம், ஒரு கல்லறை வாசலில் எல்லோரும் சேர்ந்து நின்று கைடு சாதாரணக் குரலில் பேசுவதைக் கேட்கலாம். விளக்கம் கேட்கக் காதில் மாட்டும் கருவி தருகிறோம் என்று பெருமையாகச் சொன்னால், குழு பெரியதாகத்தான் இருக்கும்.

அதிகபட்சம் எத்தனை பேர் என்று எல்லோரும் கேட்பார்கள். குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். போதிய ஆள் சேரவில்லை என்றால் பயணத்தை ரத்து செய்வார்களா, இல்லை கெய்ரோவில் வைத்து இன்னொரு குழுவோடு கலந்துவிடுவார்களா? கலப்பது நடக்கிற விஷயம்தான். கப்பலில் ஏறிய பிறகுதான் தெரியவரும், உங்கள் பத்துப் பேர் முப்பது பேராகியிருப்பார்கள். எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கைடு. கெய்ரோவிலிருந்து தெற்கே அஸ்வான் வரை ஒரே ஆள் வருகிறாரா, ஊருக்கு ஒருவர் மாறுகிறாரா என்று கேட்டுவிடுங்கள். ஒரே ஆள் வந்தால் முதல் நாள் கெய்ரோவுக்குப் பக்கத்தில் சக்காராவில் சொன்னதை ஐந்தாம் நாள் லக்சரில் தொட்டுப் பேசுவார், உங்களுக்கு எதில் ஆர்வம், யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு ஒருவர் என்றால் ஒவ்வொருவரும் ‘ராம்செஸ் என்று ஒரு ராஜா இருந்தார்’ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். எகிப்தில் கைடு வேலை பார்க்க அரசு உரிமம் வேண்டும், பலர் பல்கலைக்கழகத்தில் எகிப்தியவியல் படித்துவிட்டு வந்தவர்கள். கைடு உரிமம் உள்ளவர்தானா, என்ன படித்தவர், எந்த மொழியில் விளக்குவார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

டிக்கெட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘நுழைவுக் கட்டணம் சேர்த்தி’ என்று போட்டிருப்பார்கள், அது வெளிக்கேட் கட்டணமாக மட்டும் இருக்கும். கீசாவில் வளாகத்துக்கு ஒரு டிக்கெட், பெரிய பிரமிடுக்குள் நுழைய இன்னொரு டிக்கெட். லக்சரில் ராஜாக்கள் பள்ளத்தாக்கின் பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்செஸ் ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும். இவற்றில் எது சேர்த்தி, எது இல்லை, இல்லாதவற்றை நாங்களே வாங்கிக்கொண்டால் அதைப் பார்க்க நேரம் ஒதுக்குவீர்களா, இந்த மூன்றையும் பட்டியல் போட்டுக் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். டிக்கெட்டுக்குக் காசு இருந்து நேரம் இல்லாமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

கடைகளைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். பாப்பிரஸ் கடை, அலபாஸ்டர் பட்டறை, அத்தர் கடை என்று வழியில் நிறுத்துவது அங்கே வழக்கம், விற்பனையில் ஒரு பங்கு கூட்டிவந்தவர்களுக்குப் போகும். முதல் பயணத்தில் பாப்பிரஸ் கடையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று லக்சரில் நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு இடத்தையே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. மொத்தப் பயணத்தில் ஒரு கடைக்கு மேல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் நல்ல நிறுவனம் ஒத்துக்கொள்ளும்.

எப்போது, எத்தனை நாள், எந்த வரிசை

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். கோடையில் லக்சர், அஸ்வான் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும், மலைப் பள்ளத்தாக்குகளில் நிழல் அரிது. மார்ச்சிலிருந்து மே வரை கம்சீன் என்ற மணற்காற்று அவ்வப்போது அடிக்கும். டிசம்பர் கடைசி வாரம் எல்லா நாட்டுக் கூட்டமும் அங்கேதான். ரமலான் மாதத்தில் பல இடங்களைச் சீக்கிரம் மூடுவார்கள், பகலில் சாப்பாட்டுக் கடை குறைவு. ஆனால் நோன்பு திறக்கிற வேளையில் கெய்ரோ தெருக்கள் தருகிற அனுபவம் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. அதற்காகவே போகிறவர்களும் உண்டு.

பத்து நாளுக்குக் குறைந்தால் கெய்ரோ, லக்சர், அஸ்வான் மூன்றையும் திணிக்காதீர்கள். ஏழு நாள்தான் கைவசம் என்றால் கெய்ரோவும் லக்சரும் போதும்.

கெய்ரோவில் பெரும்பாலான பயணத் திட்டங்கள் கீசாவில் ஆரம்பிக்கும். நீங்கள் கைடிடம் சக்காராவில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர்தான் என்பதால் வண்டியைத் திருப்புவது பெரிய காரியம் இல்லை. சக்காராவில் ராஜா ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடு, கிமு 2670 வாக்கில் அவருடைய கட்டடக் கலைஞர் இம்ஹோடெப் கட்டியது, மேடை மேல் மேடை வைத்து 62 மீட்டர் எழுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து தாஷூர். ராஜா ஸ்னெஃபெரு கட்டிய வளைந்த பிரமிடு அங்கே இருக்கிறது. ஏறக்குறைய 54 டிகிரிச் சரிவில் ஆரம்பித்து, பாதி உயரத்தில் கல் தாங்காது என்று பயந்து 43 டிகிரிக்குச் சாய்த்துவிட்டார்கள், தூரத்திலிருந்து பார்த்தாலே தோள் இறங்கியது தெரியும். பக்கத்திலேயே அதே ராஜாவின் சிவப்புப் பிரமிடு, அதை அடியிலிருந்தே 43 டிகிரியில் கட்டினார்கள், நேராக நின்றுவிட்டது. இதையெல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் கீசாவுக்குப் போய் ஸ்னெஃபெருவின் மகன் குஃபுவின் பிரமிடைப் பாருங்கள். முதலில் 146 மீட்டர், இப்போது சுமார் 138. படிக்கட்டிலிருந்து இதற்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகியிருக்கிறது. நேரே கீசாவுக்குப் போய் இறங்குகிறவருக்கு அது வானத்திலிருந்து விழுந்த அதிசயம். வரிசையாகப் பார்த்தவருக்கு அதன் பின்னால் தப்புச் செய்து கற்றுக்கொண்ட மனிதர்கள் தெரிவார்கள்.

பெரிய பிரமிடுக்குள் போகலாமா என்று கேட்பீர்கள். உள்ளே ஓவியம் எதுவும் கிடையாது. குனிந்தபடி ஏறுகிற ஒடுக்கமான வழி, அப்புறம் சட்டென்று உயர்கிற பெரிய நடை, முடிவில் கருங்கல் அறையும் எழுத்தில்லாத வெறும் கல்பெட்டியும். மூச்சுத் திணறல், இடுப்பு வலி, அடைப்பட்ட இடம் என்றால் பயம், இவை இருப்பவர்கள் விட்டுவிடலாம். அந்த நேரத்தில் வெளியே நடந்து மூன்று பிரமிடுகளையும் சுற்றி வந்தால் நஷ்டம் எதுவும் இல்லை.

மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். கீசாவின் பெரிய எகிப்திய மியூசியம் 2025 நவம்பர் 1ஆம் தேதி முறைப்படித் திறக்கப்பட்டது. துட்டன்காமுன் கல்லறையிலிருந்து எடுத்த ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. தஹ்ரீர் சதுக்கத்தில் 1902லிருந்து இருக்கிற பழைய மியூசியத்தையும் முடிந்தால் அரை நாள் பாருங்கள். ராஜாக்களின் மம்மிகள் 2021 ஏப்ரலில் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக மியூசியத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டன. மொத்தம் 22. இரண்டாம் ராம்செஸின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கிமு 1213இல் இறந்த அவருடைய உடலைப் பதப்படுத்தியபோது மூக்கில் மிளகு வைத்திருக்கிறார்கள், நம் பக்கத்துக் காட்டில் விளைந்த மிளகு எந்தெந்தக் கை மாறி அங்கே போய்ச் சேர்ந்ததோ. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்துச் செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, ஒன்றில் ‘பானை ஒறி’, அதாவது பானை உறி, என்றே இருக்கிறது. உங்கள் பயணத்தில் அந்தத் துறைமுகம் வராது, ஆனால் நமக்கு முன்னாலேயே நம்மவர்கள் அங்கே போயிருக்கிறார்கள் என்ற நினைப்போடு சுற்றுவது தனிச் சுகம்.

கப்பலா, பாய்மரமா

லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே நைல் நதியில் போவதுதான் எல்லோருடைய கனவும். பெரிய குரூஸ் கப்பல்கள் கரையில் நாலைந்து ஒட்டி ஒட்டி நிற்கும், உங்கள் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் ஜன்னல், கரைக்குப் போக மூன்று கப்பல்களின் வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும். எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் எட்ஃபுவில் ஆளை இறக்கும். அங்கே குழு சின்னதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, கோயிலுக்குள் ஆயிரம் பேர்.

தஹபியா என்று இரட்டைப் பாய் கட்டிய படகு உண்டு. ஏழெட்டு அறைதான், காற்று இல்லாதபோது ஒரு சிறு இழுவைப் படகு இழுத்துப் போகும். பெரும்பாலும் எஸ்னாவிலிருந்து கிளம்பி நாலைந்து நாளில் அஸ்வான் போய்ச் சேரும். பெரிய கப்பல் நிற்க முடியாத கரைகளில் நிற்கும், முக்கியமாகக் கெபல் எல் சில்சிலா. கர்னாக் மாதிரியான கோயில்களுக்குக் கல் வெட்டியெடுத்த குவாரி அது, உளித் தழும்பு வரிவரியாக இன்றும் பாறையில் இருக்கிறது. விலை கூடுதல்தான். ஹோட்டலில் குறைத்துக்கொண்டாவது இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம்.

எதில் போனாலும் எஸ்னா கோயிலைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கப்பல் அங்கே மதகில் காத்து நிற்கும், ஆனால் பலர் இறங்குவதே இல்லை. தெரு மட்டத்துக்குச் சுமார் 9 மீட்டர் கீழே இருக்கிறது கோயில். 2018இல் தொடங்கிக் கூரையின் கரிப்புகையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், உள்ளிருந்து நீலமும் மஞ்சளும் சிவப்புமாக வண்ணம் வெளிவந்திருக்கிறது. எகிப்துக் கோயில்கள் மண் நிறத்தில் இருந்ததில்லை என்பதை அந்தக் கூரை ஒன்றே புரியவைக்கும். எட்ஃபுவில் குதிரை வண்டியில் ஏற்றுவார்கள், பல குதிரைகளின் நிலைமை பார்க்கச் சகிக்காது. வேன் வேண்டும் என்று முன்னாடியே சொல்லி வையுங்கள்.

நாலு எழுத்து கற்றுக்கொண்டு போங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். சுவரில் இருக்கிற சித்திர எழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பது முதல் பாடம்: பறவையும் மனிதனும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம்தான் வரியின் ஆரம்பம். அவர்கள் முகத்தை எதிர்கொண்டு படிக்க வேண்டும். இரண்டாவது, நீள்வட்டக் கயிற்றுக்குள் அடைத்த எழுத்தைக் கண்டால் அது ராஜா பெயர். அதற்குள் ஒரு சூரிய வட்டம், ஒரு விளையாட்டுப் பலகை (மேலே பல் பல்லாகக் காய்கள் நிற்கும்), ஒரு வண்டு, இந்த மூன்றும் இருந்தால் மென்கெபெர்ரே, அதாவது மூன்றாம் துட்மோஸ். பலகைக்குப் பதிலாக அடியில் ஒரு கூடையும், வண்டுக்குக் கீழே மூன்று கோடுகளும் இருந்தால் நெப்கெபெருரே, அது துட்டன்காமுனுடைய பட்டப் பெயர். இவ்வளவுதான். கர்னாக்கில் ஒரு மூலையில் கைடு சொல்வதற்கு முன்பே ‘இது துட்மோஸ்தானே?’ என்று எங்கள் குழுவில் ஒரு பெண் கேட்டார். கைடின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எங்களிடம் பேசுகிற விதமே மாறிவிட்டது, மனப்பாடமாக வைத்திருந்த உரையை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த சுவர்களுக்குக் கூட்டிப்போனார். கைடிடமிருந்து நல்லதை வாங்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ராஜாக்கள் பள்ளத்தாக்கில் ஒரு காலை

காலை 6 மணிக்கே திறந்துவிடும். முதல் ஆளாக நிற்கப் பாருங்கள், 8 மணிக்கு மேல் பஸ்கள் வரிசையாக வந்துவிடும். கல்லறைக்குள் கைடுகள் பேச அனுமதி இல்லை. வெளியே நிழலில் வைத்துப் படங்களைக் காட்டி விளக்கிவிட்டு உங்களை மட்டும் உள்ளே அனுப்புவார்கள். அதனால் விளக்கம் முடிந்ததும் ‘உள்ளே கட்டாயம் பார்க்க வேண்டிய மூன்று விஷயம் என்னென்ன?’ என்று கேட்டு, கையிலோ போனிலோ குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு இல்லாமல் போனால் நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள், சுவர் முழுக்க எழுத்தும் உருவமும் நிறைந்து கண் எங்கேயும் நிற்காது.

எல்லோரும் வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கல்லறைகளிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் கடைசிக்குப் போய்விடுங்கள், கோடியில் மூன்றாம் துட்மோஸின் கல்லறை, திறந்திருந்தால் அதை முதலில் பாருங்கள். மலைப் பிளவில் இரும்புப் படி ஏறி, அப்புறம் உள்ளே செங்குத்தாக இறங்க வேண்டும், வியர்த்துக் கொட்டும். கீழே போனால் ஓர் அறை. நாலு மூலை கிடையாது, ராஜா பெயரைச் சுற்றும் அந்த நீள்வட்ட வடிவத்திலேயே குடைந்திருக்கிறார்கள். சுவர்கள் விரித்துப் பிடித்த பழைய பாப்பிரஸ் சுருள் மாதிரி மங்கிய மஞ்சள், அதில் கறுப்பும் சிவப்புமாகக் குச்சி குச்சியாக உருவங்கள், சூரியன் இரவின் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடந்து போகிற கதை. சதைப்பிடிப்பாக வரைந்த பிற்காலக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ‘என்ன இது, குழந்தை கிறுக்கின மாதிரி’ என்று தோன்றும். இதையே முதலில் பார்த்துவிட்டால் அப்படித் தோன்றாது. ஒரு தூணின் பக்கத்தில் குனிந்து பாருங்கள், ஒரு மரம், அந்த மரத்திலிருந்து ஒரு கையும் மார்பும் நீண்டு ராஜாவுக்குப் பாலூட்டுகின்றன. ஏழெட்டுக் கோடுதான் இருக்கும். நான் அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றேன், அந்த நேரத்தில் அறையில் எங்கள் குழுவில் மூன்று பேரைத் தவிர யாருமில்லை.

தனி டிக்கெட்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறாம் ராம்செஸ். கூரை நெடுக நூட் தேவி, சாயங்காலம் சூரியனை விழுங்கி, இரவு முழுக்க உடம்புக்குள் வைத்திருந்து, விடியலில் பெற்றெடுக்கிறாள். அவள் உடம்புக்குள் சிவப்பு வட்டங்கள் வரிசையாகப் போவதைத் தலையிலிருந்து ஆரம்பித்து நடந்துகொண்டே பாருங்கள். சேத்தியின் கல்லறை மிகுந்த ஆழமும் நேர்த்தியும் கொண்டது, விலையும் மிக அதிகம். துட்டன்காமுனுடையது சின்னது, ஓர் அறையில் மட்டுமே ஓவியம். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த பொருள்களெல்லாம் கெய்ரோ போய்விட்டன, ஆனால் துட்டன்காமுனின் உடல் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்காகப் போகிறவர்கள் போகலாம்.

பள்ளத்தாக்கோடு மேற்குக் கரையை முடித்துவிடாதீர்கள். தேர் எல் மெதினா என்று ஒரு கிராமத்தின் அடித்தளங்கள் பக்கத்தில் இருக்கின்றன, இந்தக் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். பெரிய பஸ்கள் இங்கே குறைவாகத்தான் வருகின்றன. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி வராததால் இந்த ஆள்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள், எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்பே இதே கிராமத்தில் வாழ்ந்த தொழிலாளி சென்னெஜெம் தனக்கென்று கட்டிக்கொண்ட கல்லறை சின்ன அறைதான், வண்ணம் நேற்றுத் தீட்டியது போல் இருக்கும். அவரும் மனைவியும் வயல் அறுக்கிற காட்சி உள்ளே இருக்கிறது. ராஜாக்களின் சுவரைவிட எனக்கு இந்தச் சுவர்தான் நெருக்கம்.

லக்சரில் பலூனில் பறக்க ஆசை இருந்தால், உங்கள் பயணக் காப்பீடு அதற்குச் செல்லுமா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். 2013இல் அங்கே நடந்த பலூன் விபத்தில் 19 பேர் இறந்தார்கள். காற்று சரியில்லை என்று ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள்.

காசு, பக்ஷீஷ், பேரம்

பெரிய இடங்களில் டிக்கெட்டுக்குக் கார்டுதான் வாங்குகிறார்கள், ஆகவே வேலை செய்கிற இரண்டு கார்டு வைத்திருங்கள். மற்றதற்கெல்லாம் எகிப்திய பவுண்ட். ஏடிஎம்மில் பெரும்பாலும் 200 பவுண்ட் தாள்தான் வரும், அதை முதல் நாளே ஹோட்டலில் 5, 10, 20 பவுண்ட் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். கழிவறை வாசலில், பெட்டி தூக்கியவருக்கு, கதவு திறந்தவருக்கு எல்லாவற்றுக்கும் பக்ஷீஷ், அதாவது இனாம், உண்டு. கேட்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், பலருக்கு அதுதான் வருமானம். குழுவுக்குப் பொதுவாக ஒரு டிப்ஸ் பணம் சேர்த்து ஒருவரிடம் கொடுத்துவிட்டால் தினம் பத்து தடவை பையைத் திறக்க வேண்டியிருக்காது. கல்லறைக் காவலர் ‘வா, இங்கே வா’ என்று சைகை காட்டிக் கயிறு கட்டிய பக்கம் கூப்பிடுவார், போனால் காசு கேட்பார். வேண்டாமென்றால் ‘லா, சுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று பதில் சொன்னால் பேச்சு நீளும்.

அரபு எண்களைக் கற்றுக்கொண்டால் சந்தையில் பெரிய உதவி. புள்ளி வைத்திருந்தால் அது சுழி. நாம் சுழி என்று நினைக்கிற வட்டம் அங்கே 5. மேலே விரிந்த கவட்டை 7, அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் 8. நம் 7 போலத் தெரிவது 6. எழுதுகிற திசை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலம்.

பாப்பிரஸ் வாங்கினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக நார்ப்பட்டைகள் தெரிய வேண்டும், சுருட்டினால் ஒடியக் கூடாது. வாழை மட்டையில் செய்த போலி ஒடிந்துபோகும். பழங்காலப் பொருள் என்று யாராவது காதோடு காதாகச் சொல்லி எதையாவது நீட்டினால் தொடவே வேண்டாம். உண்மையான தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம்.

சில சின்ன விஷயங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரே நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை: கோஷரி என்று சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு எல்லாம் ஒரே கிண்ணத்தில், வயிறு நிரம்பிவிடும். மசூதிக்குள் போகத் தோளும் காலும் மூடிய உடையும் பெண்களுக்குத் தலைத்துணியும் பையில் இருக்கட்டும். ட்ரோன் கொண்டுபோகவே கூடாது, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். ஓவியத்தின் முன்னால் ஃபிளாஷ் போடாதீர்கள்.

குழுவுக்குள்

பத்துப் பேர் என்பதால் ஒருவர் பத்து நிமிஷம் தாமதித்தால் எல்லோருக்கும் பத்து நிமிஷம் போகும், அதுவும் காலை வெயில் ஏறுவதற்கு முந்தைய பத்து நிமிஷம். முதல் நாள் சாயங்காலமே எல்லோரும் உட்கார்ந்து இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். வேனில் முன் சீட்டு தினம் மாறி மாறி. அப்புறம், ஒவ்வோர் இடத்திலும் கைடு பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் அவரவர் பாட்டுக்குச் சுற்ற விட வேண்டும். இரண்டாவதைக் கைடிடம் குழுவாகச் சேர்ந்து கேளுங்கள், ஒருவர் மட்டும் கேட்டால் அவர் தயங்குவார். எங்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் லக்சர் கோயிலில் இருட்டும்வரை இருக்க வைத்தது. அங்கே அபு ஹக்காக் மசூதியின் பழைய வாசல் ஒன்று தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. மசூதி கட்டிய காலத்தில் கோயில் அந்த மட்டம் வரை மண்ணுக்குள் கிடந்தது. மாலைத் தொழுகைக்கான பாங்கு அந்த உயரத்திலிருந்து ராம்செஸின் தூண்களுக்கு மேலே ஒலித்தபோது நாங்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம், யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

முட்டி வலி, சர்க்கரை, இதய மருந்து, இவற்றைக் கைடிடம் மறைக்காதீர்கள். எந்தக் கல்லறையில் எத்தனை படி என்று அவருக்குத் தெரியும்.

அபு சிம்பலுக்கு ஓர் இரவு

கடைசியாக இது, இரண்டாம் ராம்செஸ் மலையைக் குடைந்து கட்டிய கோயில். அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். வழக்கமாக விடிகாலை 4 மணிக்குக் கிளப்பிக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் காட்டிவிட்டுத் திருப்பிவிடுவார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். உங்கள் குழு சின்னது, அந்த ஊரிலேயே ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் பஸ்கள் போய்விட்ட பிறகு மணல் முற்றத்தில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். 1964க்கும் 1968க்கும் நடுவில் அஸ்வான் அணை நீரில் மூழ்காமலிருக்க இந்த மலைக்கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, ஏறக்குறைய 65 மீட்டர் மேலே தூக்கி, திரும்ப ஒட்டி வைத்தார்கள். நாலு பெரிய சிலைகளில் ஒன்று பழங்காலத்திலேயே பூகம்பத்தில் உடைந்து தலை கீழே விழுந்திருந்தது. அதைச் சரிசெய்து பொருத்தாமல், விழுந்தபடியே அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தலையின் காதே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். மறுநாள் காலை கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், வாசல் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முகப்பில் நேராக விழும். அஸ்வான் பஸ்கள் வந்து சேர்வதற்குள் பெரிய கோயிலையும் பக்கத்தில் ராம்செஸின் ராணி நெஃபர்தாரியின் சின்னக் கோயிலையும் நிதானமாகப் பார்த்து முடித்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.